ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம்: சரியான மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பது எப்படி?

[திரையில்: மஞ்சளேறிய ஒரு நிலப் பத்திரம்]

கையில் தென்னாப்பிரிக்காவின் பழைய பத்திரம். ஆங்கிலத்தில் வேண்டும். ஆள் தேடும் முன் அதன் தேதியைப் பாருங்கள். அங்கே ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழி ஆனது 1925-இல்தான். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது டச்சு. இரண்டும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஆனால் 1910-ஆம் ஆண்டுப் பத்திரத்துக்கு டச்சு தெரிந்தவர்தான் வேண்டும். அதேபோல, டச்சு தெரியும் என்பதற்காக இன்றைய ஆஃப்ரிகான்ஸ் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

[திரையில்: முத்திரை, கையெழுத்து]

அடுத்து, மொழிபெயர்ப்பு எங்கே போகப்போகிறது? நீதிமன்றம், தூதரகம் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவை. அதாவது தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தில் பிரமாணம் எடுத்தவர். அவருடைய சான்றுரையும் கையெழுத்தும் முத்திரையும் மொழிபெயர்ப்போடு வரும். வெளிநாட்டில் காட்ட அப்போஸ்டில், அதாவது கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்ற அதிகாரபூர்வச் சான்று, வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள், அதற்குத் தனியாக நாள் பிடிக்கும். இணையதளத்துக்கோ விளம்பரத்துக்கோ முத்திரை எதற்கு? அங்கே எழுத்துநடை நன்றாக இருந்தால் போதும்.

தேட நல்ல இடம், 1956-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகம். ஆங்கிலத்தில் சுருக்கமாக சாட்டி. அதன் உறுப்பினர் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். தேர்வெழுதி அங்கீகாரம் பெற்றவரா, எந்தத் திசைக்கு என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்திலிருந்து ஆஃப்ரிகான்ஸுக்குப் போவது வேறு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வருவது வேறு. பொதுவாக அவரவர் தாய்மொழிக்குள் பெயர்ப்பதே கை வந்த வேலை.

[திரையில்: ஒரே சொல், மூன்று சொல்]

கட்டணம் சொல் கணக்கில். இங்கேதான் சண்டை வரும். ஆங்கிலத்தில் 'லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி' மூன்று சொல், ஆஃப்ரிகான்ஸில் அது சேர்த்தெழுதிய ஒரே சொல். எண்ணுவது மூலத்திலா, மொழிபெயர்ப்பிலா என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். ஒருவர் ஒரு நாளில் ஒழுங்காகச் செய்வது சுமார் 2,000 சொற்கள். நாளைக்கே 10,000 தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வந்ததைச் சரிபார்க்க உங்களுக்கு ஆஃப்ரிகான்ஸ் தெரிய வேண்டாம். பெயர்கள், தேதிகள், 13 இலக்க அடையாள எண் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு எண்களுக்கு வாருங்கள். ஆஃப்ரிகான்ஸ் 'மில்யார்ட்' நம் நூறு கோடி, ஆங்கிலத்தில் அதுதான் பில்லியன். ஆனால் ஆஃப்ரிகான்ஸ் 'பில்யூன்' என்றால் லட்சம் கோடி! ஒலியை நம்பிப் பெயர்த்தால் தொகை ஆயிரம் மடங்கு பிசகும். நேரமும் அப்படியே. 'ஹால்ஃப் டிரீ' என்பது இரண்டரை மணி, மூன்றரை அல்ல.

[திரையில்: கண்ணாடி அறை, இரண்டு ஒலிவாங்கிகள்]

பேச்சுக்கு உரைபெயர்ப்பாளர். எழுத்தில் கெட்டிக்காரர் எல்லாம் இதற்கு ஒத்துவர மாட்டார். குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றமே உரைபெயர்ப்பாளரைத் தரும். அது அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமை. மற்றபடி நீங்களே அமர்த்த வேண்டும். இரண்டு பேர் பேசும் சந்திப்பில், பேச்சாளர் நிறுத்த நிறுத்தச் சொல்பவர் ஒருவர் போதும், ஆனால் நேரம் இரட்டிப்பாகும். மாநாட்டில் கூடவே பேசிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரை மட்டும் அமர்த்திச் சிக்கனம் பார்த்தால், களைப்பில் சொற்கள் விட்டுப்போகும். நிகழ்ச்சி நிரல், பேச்சாளர் பெயர்கள், ஸ்லைடுகள் எல்லாம் இரண்டு நாள் முன்பாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.