ஆவாரையும் நிலாவரையும்: ஒரே பேரினம், வேறுவேறு மருந்து

[காட்சி: காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குச் செல்லும் சாலையோரம், சரளை மண் பொட்டலில் பூத்திருக்கும் ஆவாரஞ்செடி]

வணக்கம். மழை பொய்த்த ஆண்டிலும் செட்டிநாட்டுச் செம்புறாங்கல் நிலத்தில் மஞ்சள் மாறாமல் பூத்து நிற்கும் ஆவாரையை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வளவில் சொளகு நிறையப் பூவைக் காயவைத்து, அதைக் கொதிக்கவிட்டு வடிகட்டிக் குடிப்பவர்கள் இன்றும் நம் ஊர்களில் உண்டு. மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்கிவந்து இரவில் வெந்நீரோடு சாப்பிடுவதும் பழைய வழக்கம்தான். இவ்விரண்டும் 'சென்னா' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. அதற்கான காரணம் அவற்றின் வேதிப்பொருள்களில் இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். பழைய தாவரவியல் நூல்களில் ஆவாரை 'காசியா' என்ற பேரினத்தில் இருக்கும். இர்வின், பார்ன்பி என்ற இரு தாவரவியலாளர்கள் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் அந்தப் பெருங்கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சரக்கொன்றை காசியாவிலேயே தங்க, ஆவாரையும் நிலாவரையும் சென்னாவுக்கு வந்தன.

[காட்சி: காய்ந்த நிலாவரை இலைகள், அருகில் மூலக்கூறு வரைபடம்]

நிலாவரையிலிருந்து தொடங்குவோம். இது அரபு, ஆப்பிரிக்க நாடுகளின் வறண்ட பகுதிகளிலிருந்து வந்த செடி. ஆயினும் திருநெல்வேலிச் சீமையில் மானாவாரியாகப் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறியதால், உலக மருந்துச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்ற பெயரே நிலைத்தது. இதன் இலையிலும் காயிலும் உள்ள முதன்மையான மருந்துப் பொருள் சென்னோசைடு. 1941 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் சென்னோசைடு ஏ, பி ஆகிய இரண்டையும் பிரித்தெடுத்தனர். மூன்று வளையங்கள் ஒட்டிய ஆந்த்ரோன் என்னும் அமைப்பு இரண்டு ஒன்றோடொன்று பிணைந்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரு குளுக்கோஸ் ஏறியிருப்பதுதான் இந்த மூலக்கூறு.

அந்தக் குளுக்கோஸ்தான் இங்கே எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. அது ஏறியிருக்கும் வரை சென்னோசைடு சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை; நம் செரிமான நொதிகளாலும் அந்தப் பிணைப்பை வெட்ட முடிவதில்லை. வந்த உருவிலேயே பெருங்குடலை அடைந்த பிறகு, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றி, மீதியை 'ரெயின் ஆந்த்ரோன்' என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுவே குடல் சுவரைத் தூண்டி அசைவைக் கூட்டுகிறது. குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதையும் குறைக்கிறது. இரவில் சாப்பிட்டது காலையில் வேலை செய்வதன் காரணம் இதுதான்: பயணத்துக்கும் மாற்றத்துக்குமாக 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. மருந்தின் கடைசிப் பக்குவம் நம் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சென்னா இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் 'மூலிகைதானே' என்று மாதக்கணக்கில் அள்ளிச் சாப்பிடுவது தவறு. நீடித்த பேதியால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். இதய நோய்க்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

[காட்சி: ஆவாரம்பூ, மிக அருகில்]

இப்போது நம் ஆவாரை. பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள், அவற்றில் மேலே இருக்கும் மூன்று மட்டும் சிறுத்து மலடாக இருக்கும். பூவில் ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவர வேதிப்பொருள்களும், பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. டானின் புரதத்தைப் பற்றி இறுக்குவது. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டை நெடுங்காலம் பயன்பட்டதும், பேதியைக் கட்டுப்படுத்த நாட்டு மருத்துவத்தில் அதே பட்டை கைகொடுத்ததும் இந்த ஒரே குணத்தால்தான். ஒரு பேரினத்தின் ஓர் இலை இளக்குகிறது, இன்னொன்றின் பட்டை கட்டுகிறது.

நீரிழிவுக்கு ஆவாரம்பூ நல்லது என்ற நம்பிக்கைக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பூவின் நீர்ச்சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஆனால் எலியில் கண்டது மனிதருக்கான மருந்தளவு ஆகிவிடாது. கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமலும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஈரமான இடங்களில் மெழுகுத்திரி போல நிமிர்ந்து பூக்கும் வண்டுகொல்லி என்ற சீமை அகத்தியும் இதே பேரினம்தான். படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவார்கள். பூஞ்சையை எதிர்க்கும் ஆந்த்ராகுவினோன்கள் என்னும் வேதிப்பொருள்கள் அதில் உள்ளன.

[காட்சி: இரண்டு கிளைகள், பக்கத்தில் பக்கமாக]

கடைசியாகப் பேயாவிரை. இதுவும் சென்னாப் பேரினம்தான்; ஆவாரை என்று தவறாகப் பறித்துவிடக் கூடாத செடி. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் இதன் விதைகளைத் தின்ற குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்பட்டுப் பலர் இறந்தனர். அந்த நோய்க்கு இந்த விதையே காரணமாக இருக்கலாம் என்பதை 2007 ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே கண்மாய்க்கரையில் பூப் பறிப்பவர்கள் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காதுமடல் போன்ற அகன்ற சிற்றிலைச் செதில் தெளிவாகத் தெரியும். அதன் காய் தட்டையாக, காகிதம் போல் மெலிந்திருக்கும். பேயாவிரையில் அந்தக் காதுமடல் கிடையாது. சிற்றிலைகள் நான்கைந்து இணைகளே, நுனி கூர்மையாக இருக்கும். கசக்கினால் முகம் சுளிக்கவைக்கும் வாடை வரும். காய் மெல்ல மேல்நோக்கி வளைந்து நிற்கும்.