குழல் கீழே, ஓசை மேலே

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்திருக்கும் மாவு மில் அண்ணாச்சி அவர்களே, வாழ்த்துரையை முடித்துவிட்டு அடுத்த விழாவுக்குக் கிளம்பக் காத்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் சொன்ன தமிழாசிரியர் ஐயா அவர்களே, பாளையங்கோட்டையில் இருந்தும் சேரன்மாதேவியில் இருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ஆசிரியர் ஐயா முன்வரிசையில் இருக்கும்போது பேசுவது இன்றைக்கும் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கிறது. பொன்னாடை போர்த்திய கூட்டுறவுச் சங்கத்து அண்ணாச்சியைச் சொல்ல விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். இந்தச் சித்திரை வெக்கையில் ஆடை கொஞ்சம் கனம்தான். ஆனாலும் பேசி முடிக்கிறவரை கழற்ற மாட்டேன்.

எனக்குத் தந்த தலைப்பு, 'நேரடிக் கச்சேரி நேரடிதானா?' மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, வெளிநாட்டில் நடந்தது. இரண்டு, நம் ஊர்க் கொடையில், அதாவது அம்மன் கோவில் திருவிழாவில், நடப்பது. மூன்று, காசு கொடுத்துக் கேட்கிறவனுக்குச் சட்டத்தில் என்ன உரிமை என்பது. எங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவாள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அது குழம்புக்குச் சொன்னது. கச்சேரிக்கும் பொருந்துகிறதா, பார்ப்போம்.

1989-இல் அமெரிக்காவில் மில்லி வனில்லி என்று ஒரு இரட்டையர். மேடையில் ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். திடீரென்று பாட்டின் ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருவர் மேடையை விட்டே ஓடிப்போனார். அப்புறம் தெரிந்தது, இசைத்தட்டில் இருந்த குரலே அவர்களுடையது இல்லை. வாங்கிய கிராமி விருதை 1990 நவம்பரில் திரும்பப் பறித்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாயசைத்தது ஒரு சிறுமி, பாடியது வேறொரு சிறுமி. சட்டி ஒரு வீட்டில், அகப்பை இன்னொரு வீட்டில்.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்றபோது செல்லோ மேதை யோ-யோ மாவும் வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனும் இன்னும் இரண்டு பேரும் வாசித்தார்கள். கூட்டம் கேட்டதோ இரண்டு நாள் முன்னால் பதிவு செய்து வைத்திருந்தது. அந்தக் குளிரில் தந்தியில் சுருதி நிற்காது, விரலும் விறைத்துப்போகும். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே சட்டி நிறைய இருந்தது, குளிரில் அகப்பைதான் உறைந்துவிட்டது. அதை முதலிலேயே கூட்டத்துக்குச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். 2022-இல் லண்டனில் 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாட்டுக் குழுவினர் தங்கள் இளவயது உருவங்களைக் கணினியில் செய்து மேடை ஏற்றினார்கள். இது உருவம்தான் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது.

சுருதி திருத்துகிற ஆட்டோடியூன் என்ற மென்பொருள் 1997-இல் வந்தது. அதைச் செய்தவர் ஆண்டி ஹில்டபிராண்ட். அவர் முன்பு பார்த்த வேலை, பூமிக்குள் அதிர்வு அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எண்ணெய் தேடிய கணக்கு இப்போது பாடகர் தொண்டையில் சுருதி தேடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர் முத்தாரம்மன் கொடை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, வெளியூரில் இருந்து ஒரு இன்னிசைக் குழுவைக் கொண்டுவந்தோம். பேர் வேண்டாம். எனக்கு அன்றைக்குப் பொறுப்பு, கலைஞர்களுக்குச் சோடா கொடுப்பது. அதனால் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கீபோர்டு, ரிதம் பேட், ஒரு புல்லாங்குழல், இரண்டு பாடகர்கள், மூலையில் துண்டு போட்டு மூடிய ஒரு லேப்டாப். குழல்காரத் தம்பி கண்ணை மூடித் தலையை ஆட்டி வாசிக்கிறதைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் நாட்டாமை, யாரிடமும் சொல்லாமல், ஒரு பொன்னாடையோடு மேடை ஏறிவிட்டார். பெரியவர் வருகிறாரே என்று தம்பி குழலைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி எழுந்தான். குழல் தரையில் கிடக்கிறது. பாட்டுக்குள்ளே குழலோசை தன்பாட்டுக்குப் போகிறது! அதுவும் மேல்ஸ்தாயியில், மூச்சே விடாமல்!

கூட்டத்தில் ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சிதான் பேரனிடம் கேட்டாள்: "ஏலே, குழலு கீழ கெடக்கு. சத்தம் எங்கெருந்துலே வருது?" பேரன், "லேப்டாப்புல இருந்து வருது ஆச்சி" என்றான். "அப்பம் பொன்னாடைய அதுக்குல்லா போர்த்தணும்!" அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரண்டும் போயிற்று. பெட்டியெல்லாம் ஊமை. பாடகர் வாய் மட்டும் இரண்டு வார்த்தைக்குத் தானாக அசைந்து நின்றது.

இருட்டில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு இருக்கும்போது, தெற்கே சுடலைமாடன் கோவில் பக்கம் இருந்து மகுடம் என்கிற பறையின் சத்தம். அதை அடித்துப் பாடி ஆடுகிற கணியான் கூத்துக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீ வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து போக ஆரம்பித்தோம். கரண்டு திரும்ப வந்தபோது மேடைக்கு முன்னால் பாய்கள்தான் கிடந்தன. நான் சோடாப் பெட்டியோடு அங்கேயே போய்விட்டேன். அவர்களுக்குத்தான் கொடுத்தேன்.

தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிஷமாம். சட்ட உரிமை பற்றி வக்கீல் அண்ணாச்சி யாராவது இன்னொரு நாள் பேசட்டும். நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மண்ணில்தான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்தார். 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார், நாற்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அவர் நாகசுரத்தை நான் பதிவில்தான் கேட்கிறேன். பதிவு எனக்குப் பகை இல்லை. அது தன்னைப் பதிவு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆனால் இன்றைக்கு நம் கோவில்களில் என்ன நடக்கிறது? சுவிட்சைப் போட்டால் முரசும் சேகண்டியும் மணியும் தானே அடிக்கிற ஒரு பெட்டி. சாமி என்ன, டிக்கெட் வாங்கிக்கொண்டா கேட்கிறார், அவரை ஏமாற்றுவதற்கு? நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்து ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருந்தார். சுருதிப் பெட்டி வந்தது, அவர் போனார். 'ஒத்து ஊதுறான்' என்ற வசவு மட்டும் நம்மிடம் பாக்கி. அடுத்து நாகசுரம் போகும், அப்புறம் தவில். நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத்தூண்கூட, கல்லாக இருந்தும், ஒரு கை வந்து தட்டினால்தான் பாடுகிறது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்றாள் ஆச்சி. சட்டியை அடுப்பில் வைக்க ஆள் வேண்டாமா? ஒரு மேளக்காரர் குடும்பத்துக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு கொடைக் கமிட்டியும் கணக்குப் பார்க்க வேண்டும். என் கோரிக்கை இரண்டே. கொடை நோட்டீஸில், முன்பே பதிவு செய்த டிராக் போட்டு நடத்துகிற கச்சேரி என்றால் அப்படியே அச்சடியுங்கள். வரிப் பணத்தில் முதல் பங்கை நாகசுரம், தவில், வில்லுப்பாட்டு, கணியான் கூத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்தால் ஆர்கெஸ்ட்ரா வையுங்கள்.

வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். போடாதவர்களுக்கும் சுண்டல் உண்டு, மாவு மில் அண்ணாச்சி உபயம். இப்போது அண்ணன் தம்பி இருவர் நாகசுரம் வாசிக்கப் போகிறார்கள், மாமா தவில். நன்றி, வணக்கம். தம்பி, அந்த மைக்கை அணைத்துவிடு.