எட்டாவது தட்டு

(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியது)

பெரியவர்களே, அக்கா அண்ணன்மாரே, பின்வரிசையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

இந்தப் பிள்ளைகள் அறத்துப்பாலை ராக் இசையில் போட்டு ஆல்பம் செய்கிறார்கள். 'குறளுக்கு டிரம்ஸா?' என்று கேட்டு எனக்கு இரண்டு போன் வந்துவிட்டது. கரும்புத் தோட்டத்துக் காலத்தில் நம் தாத்தாமார் விடிய விடியத் தெருக்கூத்து ஆடினார்களே, இந்த ஊர் இங்கிலீஷில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே பெயர் விழுந்தது. பாஞ்சாலி நியாயம் கேட்டதும் மத்தளச் சத்தத்துக்கு நடுவில்தான்.

ஒரே கருத்தில் முழு ஆல்பத்தையும் கட்டுவதும் பழைய வேலைதான். 1967இல் 'மூடி புளூஸ்' என்ற ராக் குழு விடியல் முதல் இரவு வரை ஒரு நாளை எடுத்துக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது. அழகுதான். ஆனால் பாட்டு ஓய்ந்த பிறகே பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ரா வாய் திறக்கும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், டீப் பர்ப்பிள் ராக் குழுவையும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவையும் அந்தக் குழுவின் ஜான் லார்ட் தன் படைப்பின் முதல் பகுதியிலேயே மோதவிட்டார். அறம் பாடுகிறவனுக்கு அதுதான் சரியான வழி என்பேன். இளையராஜா திருவாசகத்தை புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு 2005இல் தந்தார். அத்தனை வயலினுக்கு நடுவிலும் மாணிக்கவாசகர் தமிழ் முன்னால் நிற்கிறது.

இவர்கள் ஒத்திகைக்குப் போனேன். வீட்டு கராஜ். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். போகட்டும், உச்சரிப்பு சுத்தம். எடுத்துக்கொண்டது,

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு.

டிரம்ஸ் நாலு நாலாக எண்ணுகிறது. முதலடியில் நாலு சீர், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாமடியில் சோகாப்பர் ஒன்று, சொல்லிழுக்குப் இரண்டு, பட்டு மூன்று. எட்டாவது தட்டுக்குச் சொல் இல்லை. அந்த இடம் வந்தால் டிரம்ஸ்காரத் தம்பி உருட்டித் தள்ளுகிறான். கிட்டாரும் சேர்ந்து குழைகிறது. நாலு தடவை பொறுத்தாள், வயலின் வாசிக்கும் பெண்.

"அண்ணா, அங்க மட்டும் சும்மா இரு."

"பாட்டு நின்னு போன மாதிரி இருக்குமே!"

"நாக்கை அடக்குன்னு பாடிட்டு நீயே வாயாடுற."

சிரித்தார்கள். பிறகு அப்படியே வாசித்துப் பார்த்தார்கள். 'பட்டு' என்றதும் கிட்டார் கம்பிகளை உள்ளங்கை அழுத்தியது, குச்சி இரண்டும் அந்தரத்தில் நின்றன. மூலையிலிருந்த ஃபிரிட்ஜின் ரீங்காரம் எனக்குக் கேட்டது. அடுத்த கணம் மறுபடியும் 'யாகாவா' என்று மொத்தக் கூட்டமும் இறங்கியபோது எனக்குத் தோள் சிலிர்த்தது. அறுபது வருஷமாக இந்தக் குறளை ஒப்பிக்கிறேன், அதற்குள் ஒரு காலி இடம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

போதும், இனி அவர்கள் வாசிக்கட்டும். தம்பி, மைக்கை அந்தப் பக்கம் திருப்பு. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாட்டு நிற்கிற மாதிரி இருக்கும், முடிந்துவிட்டது என்று கைதட்டிவிடாதீர்கள்.