கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம்

நேயர்களுக்கு வணக்கம். ரவாங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்குக் கோலாலம்பூர் என்றாலே முதலில் கண்ணில் பட்டது பழைய ரயில் நிலையத்தின் அந்த வெள்ளைக் கட்டடம்தான். அதன் கதையில் நம்மவர்களுக்கு இருக்கும் பங்கைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கட்டடம் 1910-இல் எழுந்தது. ரயில் அதற்கும் மூத்தது. மலாயாவின் முதல் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய எட்டு மைல். இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை என்ற கட்டுமானத் தொழிலாளர் படையினர் அதில் பாடுபட்டார்கள். மறு ஆண்டே கிள்ளான் அருகே புக்கிட் கூடாவிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் அவசரம் அது. 1892-இல் நம் ரவாங்குக்கும் பாதை வந்துவிட்டது. ஈயத்துக்குப் போட்ட பாதையில் பிறகு ரப்பரும் ஏறியது.

நிலையத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமேக் பள்ளிவாசலும் ஈப்போ ரயில் நிலையமும் அவர் கைவண்ணமே. முகப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள்: குதிரை லாட வளைவுகள், மேலே வட இந்திய அரண்மனைகளில் காணும் குடைமாடங்கள். உள்ளே போனால் இரும்புத் தூண்களும் நீண்ட மேடைகளும். எனக்கு முகப்பைவிட அந்த மேடைகள்தான் முக்கியம். நம் மக்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்த இடம் அது.

ஹப்பேக்கின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. வெயிலில் சிலிப்பர் கட்டை தூக்கி, ஜல்லி கொட்டி, பாதையைக் காத்த தமிழ்க் கேங்மேன்களின் பெயர்கள் எங்கே? செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ரயில்வே குவாட்டர்ஸ் நிறைய அவர்கள்தானே வாழ்ந்தார்கள்! ஜப்பானியர் காலத்தில், 1943-இல், தோட்டத்துத் தமிழர்களைச் சரக்கு வேகன்களில் அடைத்துச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு வடக்கே கொண்டுபோனதும் ரயிலில்தான். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைச் சொல்லாமல் வளைவுகளின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

2001-இல் தொலைதூர ரயில்கள் கேஎல் சென்ட்ரலுக்கு மாறிவிட்டன. பழைய நிலையத்தில் இப்போது கொமியூட்டர் என்னும் புறநகர் ரயில் நிற்கிறது.

உங்கள் வீட்டில் ரயில்வேயில் உழைத்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் அவர் பெயர், எந்த ஊர்க் கேங், என்ன வேலை, எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சயாமுக்குப் போனவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும், எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விவரம் தெரிந்த பாட்டிமார் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.