கதையைச் சொல்லாமல் கதையைப் பற்றி

நேயர்களுக்கு வணக்கம்.

பணி ஓய்வு பெற்றவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பொழுது எப்படிப் போகிறது?" என்பதுதான். எனக்கு நாவல்களோடும் சிறுகதைகளோடும் போகிறது. படித்து முடித்ததைப் பற்றி மதிப்புரையும் எழுதுகிறேன். இன்று முக்கியமாகப் பேச வந்திருப்பது அந்த எழுத்து வேலையைப் பற்றி.

வேலைக்குப் போன காலத்திலும் படித்தேன். ஆனால் பேருந்தில் நாலு பக்கம், தூங்கப்போகும் முன் மூன்று பக்கம் என்று துண்டு துண்டாகப் படித்தால், அடுத்து என்ன, அடுத்து என்ன என்றுதான் கண் ஓடும். அலுவலகக் கோப்பைப் புரட்டி, கடைசியில் என்ன முடிவு எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது போலத்தான் அதுவும். இப்போது ஒரு நாவலைத் தொடர்ந்து உட்கார்ந்து படிக்க முடிகிறது. முதல் அத்தியாயத்தில் சும்மா வந்துபோன ஒரு பேச்சு முடிவுக்குப் பக்கத்தில் திரும்ப வரும்போது, அட, இதற்காகத்தானா என்று பிடிபடுகிறது.

இளவயதில் படித்த ஒரு நாவலை ஓய்வுக்குப் பிறகு மறுபடி எடுத்தேன். தலைப்பு வேண்டாம்; நீங்கள் இனிமேல் படிக்கக்கூடும். அதில் ஓர் அப்பா, ஒரு மகன். அப்பா கஞ்சர், சிடுசிடுப்பானவர், மகன் எதற்கு ஆசைப்பட்டாலும் குறுக்கே நிற்பவர். முதல் தடவை, மகன் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில், நானும் கூடவே கிளம்பிவிடலாம் போலிருந்தது. இந்தத் தடவை அதே இடத்தில் கண் அப்பாவின் மேல் நின்றுவிட்டது. அவர் வாசல்வரை வருகிறார். ஒன்றும் பேசவில்லை. மகனின் பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான். மகனுக்கு அதிலும் சந்தேகப் புத்திதான் தெரிகிறது.

வயதானால் அப்பா கட்சிக்குப் போய்விடுவோம் என்று சொல்லலாம். வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்புரை எழுத உட்கார்ந்தால், எனக்கு அப்படித் தோன்றியது என்பது மட்டும் போதாதே. எங்கே தோன்றியது, எதனால் தோன்றியது என்று காட்ட வேண்டும். பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நாவல் முழுவதிலும் ஆசிரியர் அப்பாவின் மனதுக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று ஒரு வரி கிடையாது. கஞ்சர் என்று நமக்குச் சொன்னது யார்? மகன். கல்நெஞ்சர் என்றது? அதுவும் மகன். ஆசிரியர் தன் வாயால் எதுவும் சொல்லாமல், அந்தப் பூட்டைப் போலச் சின்னச் சின்ன சாட்சியங்களை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். இது எனக்குப் பிடிபட்டது படித்தபோது அல்ல, எழுதியபோது. திரும்பவும் சொல்கிறேன், எழுதியபோது.

அதனால்தான் கதைச்சுருக்கம் மதிப்புரை ஆகாது என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம். கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டு, "விறுவிறுப்பான நடை, அனைவரும் படிக்க வேண்டியது" என்று முடித்தால் யாருக்கு என்ன லாபம்? ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றிச் சில உரைகள் ஆற்றினார். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தாள் என்றால் அது வெறும் கதை; அந்தத் துக்கத்தால் ராணி இறந்தாள் என்னும்போதுதான் கதைப்பின்னல் வருகிறது என்றார். சுருக்கம் எழுதுபவர் இரண்டு சாவையும் சொல்லிவிடுகிறார், துக்கத்தை விட்டுவிடுகிறார்.

துப்பறியும் கதைக்கு மதிப்புரை எழுதுவது எப்படி என்று கேட்பார்கள். கொலையாளியைக் காட்டிக்கொடுக்கவே வேண்டாம். தடயங்கள் வாசகன் கண்முன்னேயே இருந்தனவா, இல்லை ஆசிரியர் கடைசியில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரா என்று சொல்லுங்கள், போதும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் மதிப்புரைக்குச் சில விதிகள் வகுத்தார். முதல் விதி, ஆசிரியர் என்ன செய்ய முனைந்தார் என்று புரிந்துகொள். அவர் முயலாத ஒன்றைச் சாதிக்கவில்லை என்று குறை சொல்லாதே என்பது. சிரிக்கவைக்க எழுதிய கதையில் தத்துவம் இல்லையே என்று அடிப்பது நியாயமா? நூலிலிருந்து போதுமான வரிகளை எடுத்துக் காட்டு என்பதும் அவர் விதி. அது ரொம்பவும் தேவை. நம் தீர்ப்பை நம்புவதா வேண்டாமா என்று வாசகர் அந்த வரிகளை வைத்துத் தாமே முடிவு செய்துகொள்வார். தமிழில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதே விமர்சனத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். அதைப் பற்றித் தனியாகவே ஓர் உரை பேசலாம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். எப்படித் தொடங்குவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை மூடியதும், அதைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, மனதில் நின்ற ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஏன் நின்றது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம் அந்தக் காட்சியை மறுபடி படித்துவிட்டுத் திருத்துங்கள். கண் ஒத்துழைக்காதவர்கள் ஒலிநூல் கேட்டும் இதைச் செய்யலாம். அதற்கு வாசிப்பவரின் குரலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை விளக்க இப்போது நேரமில்லை. நன்றி, வணக்கம்.