இந்த 200 ஏக்கர்ல யாரும் வீடு கட்ட முடியாது! ஹாரோகேட் கதை

வணக்கம் மக்களே! பின்னாடி பச்சப்பசேல்னு புல்வெளி தெரியுதுல்ல, இதுக்குப் பேரு ஸ்ட்ரே. வட இங்கிலாந்துல ஹாரோகேட் ஊருக்கு நடுவுல 200 ஏக்கர். நெலம் இங்க என்ன வெலை விக்கும்னு நெனைச்சுப் பாருங்க. இருந்தும் யாரும் கை வைக்கல. எல்லாம் ஊத்துத் தண்ணி புண்ணியம்.

1571ல வில்லியம் ஸ்லிங்ஸ்பின்னு ஒருத்தர் இங்க ஒரு ஊத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாக்குறாரு. மனுசன் ஏற்கெனவே இப்போ பெல்ஜியத்துல இருக்கிற ஸ்பா ஊருக்குப் போய்ட்டு வந்தவர். அங்க குடிச்ச அதே இரும்பு ருசி! அதுதான் டியூவிட் ஊத்து. அப்புறம் திமோத்தி பிரைட்னு ஒரு டாக்டர் இதை 'இங்கிலீஷ் ஸ்பா'ன்னே சொல்ல ஆரம்பிச்சாரு. 1626ல எட்மண்ட் டீன், அவரும் டாக்டர்தான், தனியா புத்தகமே போட்டுட்டாரு. டாக்டரே சொல்லிட்டார்னா சும்மா இருப்பாங்களா? கிளம்பி வந்துட்டாங்க.

இனிமேதான் விஷயமே. இந்தப் பக்கமெல்லாம் அப்போ நேர்ஸ்பரோ காடுன்னு ராஜாவோட நெலம். 1770ல சட்டம் போட்டு அதைப் பங்கு பிரிக்கிறாங்க. ஊத்து இருக்கிற எடம் யாராவது ஒருத்தர் கைக்குப் போய், அவர் வேலி போட்டுட்டா? ஊரோட பொழப்பே போச்சு. அதனால 1778ல பங்கு எழுதுறப்போ, ஊத்துகளைச் சுத்தி இருக்கிற இந்த 200 ஏக்கர் எப்பவும் திறந்தே கிடக்கணும், யார் வேணா வந்து தண்ணி குடிக்கலாம்னு எழுதிட்டாங்க. செம புத்தி, இல்ல?

இப்போ கீழ ராயல் பம்ப் ரூம் கிட்ட வந்துட்டேன். இது கந்தக ஊத்து. ப்பா... வாடை மூக்கைத் தூக்குது! இந்தக் கட்டடம் 1842ல வந்தது. அதுக்கு முன்னாடி இந்த ஊத்து மேல தூண் வெச்ச ஒரு சின்ன மண்டபம் இருந்துச்சு. அதைக் கழட்டிட்டுப் போய் டியூவிட் ஊத்து மேல வெச்சுட்டாங்க, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி. நான் முதல்ல சொன்னேன்ல, அதே ஊத்துதான்.

அந்தக் காலத்துல காசு இருந்தவங்க உள்ள போய் கிளாஸ்ல வாங்கிக் குடிச்சாங்க. இல்லாதவங்களுக்கு? இதோ, வெளிச் சுவர்ல ஒரு குழாய். அப்போ இதுல இலவசம். சட்டத்துலயே அப்படித்தான்.

குடிச்சுப் பாத்தீங்களான்னு கமெண்ட்ல கேப்பீங்க. மோந்ததோட சரிங்க! அடுத்து 1897ல கட்டின டர்க்கிஷ் பாத்துக்கு, அதாவது சூடான அறைல ஒக்காந்து வேர்க்க விட்டுக் குளிக்கிற எடத்துக்குப் போறேன், வாங்க.