பொட்டலத்தின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். உடம்பெல்லாம் அரிப்பு. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டையே நைந்துபோயிருந்தது. அரிப்புக்கு ஒரு காரணமான பாஸ்பரஸ், ரத்தத்தில் 7.2. நாலரையைத் தாண்டினாலே அதிகம்தான். "பருப்பையே தொடுறதில்லை மேடம், சாம்பார்ல தெளிவு மட்டும்தான் ஊத்துறேன்" என்றார் அந்த அம்மா. அப்புறம் மெல்ல விசாரித்தால், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் வழியில் நாலு சிக்கன் நக்கெட்ஸ், ஒரு கோலா. வாரம் மூன்று முறை.

நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடந்தவருக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும்தானே. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கணக்கு தலைகீழாக இருந்தது.

பருப்பில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பொருளாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி நம் குடலில் போதிய அளவு கிடையாது. அதனால் பாதியோ, அதற்கும் குறைவோதான் உடம்பில் சேரும். நக்கெட்ஸ் அப்படியல்ல. கறி மெத்தென்று இருக்கப் பாஸ்பேட் உப்பைச் சேர்க்கிறார்கள். சீஸ் திரியாமல் உருகவும் அதேதான். கோலாவின் சுரீர் என்ற புளிப்பு பாஸ்பாரிக் அமிலம். இதெல்லாம் பூட்டே இல்லாத பாஸ்பரஸ்; ஏறக்குறைய முழுதும் ரத்தத்துக்குப் போய்விடும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் பொட்டலத்தில் சோடியம் அளவை அச்சிட்டே ஆக வேண்டும். பாஸ்பரஸுக்கும் பொட்டாசியத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பொடி எழுத்தில் இருக்கும் எண்களைத்தான் பார்க்க வேண்டும். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: 338 முதல் 341 வரை, அப்புறம் 450, 451, 452. இவை பாஸ்பேட். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு.

இந்த 508-தான் கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்'பிலும் இருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரக நோயாளி வீட்டில் அந்த உப்பு வேண்டாம். இந்துப்பு நல்லது என்று சொல்லாத உறவினர் இல்லை. அதுவும் பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான். ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டால், தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸே சுமார் 900-ஐத் தின்றுவிடும்.

உருளைக்கிழங்கு ஆசை இருந்தால் வீட்டில் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். கடை ஃப்ரைஸில் அந்த வேலை நம் கையில் இல்லை.

அவருக்குக் கோலாவை நிறுத்தினோம். உணவில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து நிறுத்தும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சாப்பாட்டோடு மாற்றினோம். அளவாகப் பருப்பும் திரும்ப வந்தது. போன மாதம் 5.3. அந்த அம்மா எண்களைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறார். கடையில் அதை எடுத்துப் பார்த்தபோது, "என்னக்கா, லாட்டரி நம்பரா?" என்று கேட்டாராம் கடைக்காரர்.